2.7 மில்லிமீட்டர் உலகம்

கட்டைவிரலின் பாதி உயரம் இருக்கும் ஒரு சிப்பாய். தலைக்கவசம், தோள்கவசம், இடுப்பில் மூன்று தோட்டாப் பைகள், பைக்கு ஒரு பொத்தான். நான் முதன்முதலில் பெயின்ட் அடித்த மினியேச்சர் அதுதான். அங்கிக்குச் சிவப்பு, பூட்ஸுக்குக் கறுப்பு, பொத்தான்களுக்குப் பொன்னிறம் என்று பார்த்துப் பார்த்து அடித்தேன். காய்ந்த பிறகு எடுத்துப் பார்த்தால் சிப்பாயைக் காணோம். வெல்லப்பாகில் முக்கி எடுத்த ஏதோ ஒன்று அங்கே நின்றுகொண்டிருந்தது. கை நடுங்குகிறது, நமக்கு இது வராது என்று நானே தீர்ப்பெழுதிப் பெட்டியை மூடினேன்.

கை நடுங்கத்தான் செய்யும், எல்லோருக்கும். ஆரோக்கியமான கையே நொடிக்கு 8 முதல் 12 தடவை கண்ணுக்குத் தெரியாமல் அதிர்ந்துகொண்டிருக்கிறது. முழங்கைகளை மேசையில் ஊன்றி, இரண்டு மணிக்கட்டையும் ஒன்றோடொன்று முட்டுக்கொடுத்தால் பொம்மையும் பிரஷும் சேர்ந்தே ஆடும், ஒன்றுக்கொன்று அசையாது. அதோடு அந்தப் பிரச்சினை தீர்ந்தது. என் சிப்பாயைக் கெடுத்தது கையல்ல என்று புரியப் பல மாதங்கள் ஆயின. தண்ணீர் எப்படி நடந்துகொள்ளும் என்று தெரியாதது பாதிக் காரணம். கண் எப்படி ஏமாறும் என்று தெரியாதது மீதி.

இந்தப் பொழுதுபோக்கைக் கேள்விப்படாதவர்களுக்காகக் கொஞ்சம். மேசை மேல் குன்றுகளும் இடிந்த சுவர்களும் வைத்து, பொம்மைப் படைகளை அளவுநாடாவால் அளந்து நகர்த்தி, பகடை உருட்டிச் சண்டை போடும் விளையாட்டு இது. எச். ஜி. வெல்ஸ் 1913-இல் 'லிட்டில் வார்ஸ்' என்ற பெயரில் இதன் முன்னோடி ஒன்றுக்கு விதிப்புத்தகமே எழுதியிருக்கிறார். இன்று இதன் தலைநகரம் என்றால் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம்தான். அங்கே இருக்கும் கேம்ஸ் ஒர்க்‌ஷாப் நிறுவனம் 1983-இல் 'வார்ஹாமர்' விளையாட்டையும், 1987-இல் அதன் விண்வெளி வடிவமான 'வார்ஹாமர் 40,000'-ஐயும் கொண்டுவந்தது. அதே 1987-இல் 'கோல்டன் டீமன்' என்ற போட்டியும் தொடங்கியது. அதில் சண்டை கிடையாது. பெயின்ட் அடித்த அழகுக்கு மட்டுமே மதிப்பெண். தலையாய பரிசு ஒரு வாள். பொம்மை வாள் அல்ல, ஆள் ஏந்தும் அளவுள்ள வாள். பெட்டியில் வருவதோ சாம்பல் நிறப் பிளாஸ்டிக் துண்டுகள்தான். வெட்டுவதும் ஒட்டுவதும் பெயின்ட் அடிப்பதும் வாங்கியவர் பாடு. வாங்குகிறவர்களில் ஒரு ஆட்டம்கூட ஆடாமல் பெயின்ட் மட்டுமே அடித்துக்கொண்டிருப்பவர்களும் உண்டு. நான் அந்த ரகம்.

இனி தண்ணீர்.

ஆற்றில் தண்ணீர் பள்ளம் பார்த்து ஓடுகிறது. வாழையிலையில் தெளித்த தண்ணீரோ முத்து முத்தாக உருண்டு நிற்கிறது. இரண்டும் ஒரே தண்ணீர்தான், அளவுதான் வேறு. பெரிய அளவில் தண்ணீரைப் புவியீர்ப்பு ஆள்கிறது. சிறிய அளவில் ஆட்சி பரப்பு இழுவிசையின் கைக்குப் போய்விடுகிறது. ஆட்சி மாறும் எல்லையை இயற்பியலார் கணக்கிட்டு வைத்திருக்கிறார்கள்: தண்ணீருக்கு அது சுமார் 2.7 மில்லிமீட்டர். பொம்மைச் சிப்பாயின் மூக்கு, விரல், கச்சையின் மடிப்பு, பொத்தான் எல்லாமே இந்த எல்லைக்கு உள்ளேதான் இருக்கின்றன. அவன் மேல் வைக்கும் பெயின்ட் துளிக்குக் கீழ் எது, மேல் எது என்பது பெரிய விஷயமே இல்லை. அதற்குத் தெரிந்தவை பள்ளமும் மேடும்தான்.

இதை வைத்துத்தான் 'வாஷ்' வேலை செய்கிறது. வாஷ் என்பது மை போல் நீர்த்த, இருண்ட பெயின்ட். பொம்மை மேல் தாராளமாகத் தடவினால் அது தானாகவே மடிப்புகளுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். ஒரு இடுக்கில் தேங்கிய திரவத்தின் மேற்பரப்பு குழிந்திருக்கும். அப்படிக் குழிந்த பரப்புக்கு அடியில் அழுத்தம் குறைவு. அதனால் பக்கத்து மேட்டில் இருக்கும் திரவத்தையும் இடுக்கு தன் பக்கம் உறிஞ்சிக்கொள்கிறது. மேட்டில் நிறம் மெலிகிறது, பள்ளத்தில் அடர்கிறது, நிழல் பிறந்துவிடுகிறது. சிப்பாயைத் தலைகீழாகப் பிடித்தாலும் ஏறக்குறைய இதுவேதான் நடக்கும். 2019-இல் கேம்ஸ் ஒர்க்‌ஷாப் 'கான்ட்ராஸ்ட்' என்ற பெயின்ட் வரிசையைக் கொண்டுவந்தபோது, அடிநிறமும் நிழலும் ஒரே பூச்சில் கிடைக்கும் என்றார்கள். அடிப்படை இதே உறிஞ்சல்தான். பலர் வாஷில் துளியினும் துளி பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் கலப்பார்கள். தண்ணீரின் பரப்பு இழுவிசையைப் பாதிக்கும் கீழே இறக்க சோப்பால் முடியும். அப்போது பெயின்ட் முத்தாகத் திரளாமல் படர்ந்து போகும். கொஞ்சம் கூடினாலோ நுரை தட்டும். சிப்பாய் குளித்த கோலத்தில் நிற்பான்.

பிரஷ்ஷின் கூர்முனையும் தண்ணீர் செய்யும் வேலைதான். 1889 டிசம்பரிலும் அடுத்த ஜனவரியிலும் லண்டனில் சி. வி. பாய்ஸ் என்ற இயற்பியலார் சிறுவர்களுக்குச் சோப்புக்குமிழிகள் பற்றிச் சில சொற்பொழிவுகள் ஆற்றினார். அவை பின்னர் புத்தகமாகவும் வந்தன. அவர் தொடங்கியது குமிழியில் அல்ல, ஒரு பிரஷ்ஷில். உலர்ந்த பிரஷ்ஷில் முடிகள் விரிந்து நிற்கும். நனைத்தால் கூர்மையாக ஒட்டிக்கொள்ளும், ஈரம்தான் ஒட்டவைக்கிறது என்று நாம் சொல்வோம். அப்படியானால் தண்ணீருக்குள்ளேயே மூழ்கியிருக்கும்போது ஏன் ஒட்டவில்லை? அப்போது மறுபடி விரிந்துதானே மிதக்கின்றன! முழுக்க ஈரத்தில் இருந்தும் ஒட்டவில்லை. வெளியே எடுத்த பிறகுதான் தண்ணீருக்கு ஒரு மேற்பரப்பு கிடைக்கிறது. அது தன்னைச் சுருக்கிக்கொள்ளப் பார்க்கும்போது முடிகளைச் சேர்த்து இழுத்துக் கட்டிவிடுகிறது. ஒவ்வொரு தடவை பிரஷ்ஷைக் கழுவி, காகிதத்தில் ஒற்றி, முனையைத் திருகிக் கூராக்கும்போதும் நான் அந்த இழுவையைத்தான் வேலைக்கு அழைக்கிறேன்.

இங்கேதான் புதியவர்கள் எல்லோரும் செய்யும் ஒரு தவறு இருக்கிறது. பொம்மை சின்னது, ஆகவே பிரஷும் சின்னதாக வேண்டும் என்று கடையில் இருப்பதிலேயே பொடியான, மூன்று சைபர் போட்ட பிரஷ்ஷை வாங்கிவிடுவது. நானும் வாங்கினேன், ஒன்றல்ல, நான்கு. ஒரு துளியின் விட்டம் பாதியானால் அது காயும் நேரம் பாதியாவதில்லை, கால்வாசியாகிறது. அந்தக் குட்டி முனையில் எடுத்த பெயின்ட், தட்டிலிருந்து பொம்மைக்குப் போய்ச் சேரும் முன்பே பாதி காய்ந்துவிடும். பிறகு அது கோடு இழுக்காது, கீறும். அனுபவசாலிகள் கண் வரையக்கூட 1-ஆம் எண், 2-ஆம் எண் பிரஷ்தான் எடுக்கிறார்கள். அவர்களுக்குத் தேவை சிறிய பிரஷ் அல்ல, பெரிய தொப்பையும் ஒற்றை முடி போன்ற முனையும் உள்ள பிரஷ். கொலின்ஸ்கி முடிக்கு அவ்வளவு விலை ஏன் என்றால் இதற்காகத்தான். சைபீரிய மரநாயின் வால்முடி அது. நடுவில் தடித்து நுனியில் மெலியும். கற்றையாகக் கட்டினால் நடுவில் ஒரு குளம், நுனியில் ஒரு மதகு. வின்சர் அண்ட் நியூட்டன் நிறுவனத்தின் 'சீரிஸ் 7' பிரஷ்கள், 1866-இல் விக்டோரியா மகாராணிக்காகச் செய்யச் சொன்னதிலிருந்து வந்தவை என்பார்கள். அவர் வரைந்தது நீர்வண்ண நிலக்காட்சிகள். தன் பிரஷ்ஷால் பின்னாளில் பூத முகங்களுக்கு மரு வைப்பார்கள் என்று அவர் நினைத்திருக்க மாட்டார்.

பெயின்ட்டும் லேசுப்பட்டதல்ல. அக்ரிலிக் என்பது தண்ணீரில் கரைந்த நிறம் இல்லை. பால் மாதிரியான ஒன்று. கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் உருண்டைகள் தண்ணீரில் மிதக்கின்றன, அவற்றோடு நிறமித் தூளும் மிதக்கிறது. தண்ணீர் ஆவியாக ஆக உருண்டைகள் நெருங்கி, நசுங்கி, கடைசியில் ஒன்றோடொன்று இழைந்து ஒரே படலமாகிவிடுகின்றன. அதன் பிறகு தண்ணீர் ஊற்றினாலும் கரையாது. ஈரமாக இருக்கும்போது உருண்டைகள் ஒளியைச் சிதறடிப்பதால் பெயின்ட்டில் ஒரு வெண்மை கலந்திருக்கும். காய்ந்து படலம் தெளிந்ததும் நிறம் ஒரு படி இருண்டுவிடும். கிண்ணத்தில் பார்த்த நிறம் பொம்மையில் வரவில்லை என்று திட்டுகிறவர்கள் திட்ட வேண்டியது இந்த உருண்டைகளைத்தான்.

படலம் ஆவதற்கும் ஈரமாக இருப்பதற்கும் நடுவில் ஓர் இரண்டுங்கெட்டான் நேரம் உண்டு. மேலே தோல் கட்டியிருக்கும், உள்ளே கூழாக இருக்கும். அப்போது பிரஷ்ஷால் இன்னொரு தடவை தொட்டால் தோல் கிழிந்து சுருண்டு வரும், பால் ஏடு மாதிரி. என் முதல் சிப்பாயின் முதுகு முழுக்க அந்த ஏடுதான். தடிமனாக ஒரே தடவையில் மூடிவிடலாம் என்ற அவசரத்துக்குக் கிடைத்த தண்டனை. காற்பங்கு மில்லிமீட்டர்கூட ஆழமில்லாத வார்ப்புக் கோடுகளைத் தடித்த ஒரு பூச்சு அப்படியே தூர்த்துவிடும். கேம்ஸ் ஒர்க்‌ஷாப்பின் காணொளிகளில் பாடம் எடுத்துப் புகழ்பெற்ற டங்கன் ரோட்ஸ், மெல்லியதாக இரண்டு பூச்சு என்பதை மந்திரம் போலச் சொல்லிக்கொண்டே இருப்பார். பின்னர் அவர் சொந்தமாகக் கொண்டுவந்த பெயின்ட் வரிசைக்கும் அதையே பெயராக வைத்துவிட்டார். முதல் பூச்சு திட்டுத்திட்டாக, பார்க்கவே அசிங்கமாக இருக்கும். அந்த அசிங்கத்தைப் பொறுத்துக்கொண்டு எழுந்து போய்க் காபி போட்டுக் குடிப்பதுதான் நுட்பம்.

நம் ஊர் மே மாதத்தில் இந்த இரண்டுங்கெட்டான் நேரம் சில விநாடிகளில் வந்துவிடும், மின்விசிறி வேறு. அதற்கு ஈரத்தட்டு வைத்துக்கொள்வார்கள். மூடியுள்ள ஒரு டிபன் பெட்டியில் நனைத்த ஸ்பாஞ்சு, அதன் மேல் கேக் சுடும்போது விரிக்கும் தாள், தாளின் மேல் பெயின்ட். மேலே ஆவியாகிற தண்ணீரைத் தாள் வழியாக ஸ்பாஞ்சு ஈடுகட்டிக்கொண்டே இருக்கும். மூடி வைத்தால் மறுநாளும் பெயின்ட் அப்படியே இருக்கும். ஸ்பிரே பெயின்ட்டுக்குத்தான் இப்படி ஒரு வழியும் இல்லை. கடும் வெயிலில் அடித்தால் துளிகள் காற்றிலேயே காய்ந்து, சிப்பாய் மேல் மணலாக விழும். ஐப்பசி மழையில் அடித்தால், வேகமாக ஆவியாகும் கரைப்பான் பரப்பைக் குளிரவைத்து, காற்றின் ஈரம் அதன் மேல் படிந்து சாம்பல் பூக்கும். ஸ்பிரே அடிக்க உகந்த நாளைப் பஞ்சாங்கத்தில் சேர்த்தால் நான் அதையும் வாங்குவேன்.

காபி என்றதும் ஞாபகம் வருகிறது. காபி சிந்திக் காய்ந்த கறையைப் பார்த்தால் நடுவில் வெளுத்து, விளிம்பில் அழுத்தமான வளையம் இருக்கும். காலங்காலமாக எல்லோரும் பார்த்த இந்த வளையத்துக்குச் சரியான விளக்கம் 1997-இல்தான் 'நேச்சர்' இதழில் வந்தது. சிகாகோ பல்கலைக்கழகத்தில் ராபர்ட் டீகனும் உடன் ஆய்வாளர்களும் கண்டுபிடித்தது இது. துளியின் விளிம்பு பரப்பில் பற்றிக்கொண்டு நகராது. ஆவியாதல் விளிம்பில்தான் அதிகம். அங்கே இழந்த தண்ணீரை நிரப்ப நடுவிலிருந்து ஓர் ஓட்டம் விளிம்பை நோக்கிப் பாய்கிறது. மிதக்கும் துகள்களை எல்லாம் வாரிக்கொண்டு போய் அங்கே குவிக்கிறது. 2011-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் பீட்டர் யுங்கரும் குழுவினரும் இன்னொரு விந்தையைக் காட்டினார்கள். துகள்கள் உருண்டையாக இல்லாமல் நீள்வட்டமாக இருந்தால், துளியின் மேற்பரப்பில் ஒன்றோடொன்று பின்னி நெரிசலாகி, விளிம்புக்குப் போகாமல் வழியிலேயே நின்றுவிடுகின்றன. வளையமே விழுவதில்லை.

தட்டையான கேடயத்தின் மேல் வாஷைக் குளமாக விட்டால் விழும் கறை வளையமும் இதே ஓட்டத்தின் வேலைதான். நீள்வட்ட நிறமிக்கு நாம் எங்கே போவது? எளிய வழி, குளம் கட்டவிடாமல் இருப்பது. வாஷ் ஈரமாக இருக்கும்போதே, கழுவி ஒற்றிய இன்னொரு பிரஷ்ஷின் நுனியால் தேங்கிய இடத்தைத் தொட்டால் போதும். மிச்சத்தை அந்தப் பிரஷ்ஷே குடித்துவிடும்.

ஆனால் தண்ணீர் வித்தை அத்தனையும் கைவந்த பிறகும் என் சிப்பாய்கள் மேசையில் மங்கலாகத்தான் நின்றார்கள். அழுக்கில்லை, திட்டில்லை, நிறம் தப்பில்லை. இருந்தும் உயிரில்லை. இங்கிருந்து கண்ணின் கதை.

28 மில்லிமீட்டர் சிப்பாய் என்றால் பாதத்திலிருந்து கண் வரை 28 மில்லிமீட்டர். அவனை ஒரு மீட்டர் தள்ளி மேசையில் பார்ப்பதும், நிஜ ஆளை ஐம்பது மீட்டருக்கு அப்பால் தெருமுனையில் பார்ப்பதும் ஏறத்தாழ ஒன்றே. அவ்வளவு தூரத்தில் ஒருவரின் சட்டை மடிப்பு நமக்கு எவ்வளவு தெரியும்? கை நீட்டிப் பிடித்த சுண்டுவிரலின் அகலம் சுமார் ஒரு டிகிரி. அந்த ஒரு டிகிரிக்குள் மூன்று முதல் ஐந்து வரை வெளிச்சக் கோடும் இருட்டுக் கோடும் மாறி மாறி வந்தால்தான் மிக மெல்லிய வேறுபாட்டையும் நம் கண் கண்டுபிடிக்கும். கோடுகள் அதைவிட நெருங்க நெருங்கக் கண்ணின் கூர்மை சரிகிறது. கேம்பிரிட்ஜில் கேம்பெல்லும் ராப்சனும் 1968-இல் இதை அளந்து வெளியிட்டார்கள். பொம்மை அங்கியில் அரை மில்லிமீட்டருக்கு ஒரு மேடு, அரை மில்லிமீட்டருக்கு ஒரு பள்ளம் என்றால், ஒரு மீட்டர் தூரத்தில் டிகிரிக்குப் பதினேழு ஜோடி வரும். நிஜத் துணியில் இருக்கிற அளவு வெளிச்ச வேறுபாட்டை அங்கே வைத்தால் கண் அதைக் கண்டுகொள்ளாது. அதனால் வேறுபாட்டைப் பலமடங்கு மிகைப்படுத்த வேண்டும். பள்ளத்தில் கிட்டத்தட்டக் கறுப்பு, மேட்டின் விளிம்பில் கிட்டத்தட்ட வெள்ளை. கையில் வைத்துப் பார்க்கும்போது கூத்துக்காரர் ஒப்பனை மாதிரி தெரிகிறதே என்று பயந்துவிடக்கூடாது. கூத்தும் கடைசி வரிசைக்காரருக்குத் தெரிவதற்காகத்தானே அப்படி முகம் எழுதுகிறது!

வெள்ளை எங்கே, கறுப்பு எங்கே என்பதற்கு விடை சொன்னவர் நம்மவர். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து, பின்னர் கலிபோர்னியாவில் ஆய்வு செய்த நரம்பியலார் வி. எஸ். ராமச்சந்திரன் 1988-இல் எளிமையான சில படங்களை வெளியிட்டார். சாம்பல் பின்னணியில் சில வட்டங்கள், அவ்வளவுதான். மேலே வெளுத்துக் கீழே இருண்ட வட்டம் முட்டையைப் போலப் புடைத்துத் தெரிகிறது. கீழே வெளுத்து மேலே இருண்டது கிண்ணம் போலக் குழிந்து தெரிகிறது. தாளைத் தலைகீழாகத் திருப்பினால் முட்டை கிண்ணமாகும், கிண்ணம் முட்டையாகும். வெளிச்சம் மேலிருந்துதான் வரும் என்று மூளை யாரையும் கேட்காமல் முடிவு செய்து வைத்திருக்கிறது. ஒரே சூரியனுக்குக் கீழ் வளர்ந்த கண்ணுக்கு அது நியாயமான ஊகம்தான்.

பொம்மைக்காரர்கள் இந்த ஊகத்தைச் சுரண்டிப் பிழைக்கிறார்கள். முதலில் பொம்மை முழுக்கக் கறுப்பு ஸ்பிரே. பிறகு உச்சியிலிருந்து மட்டும் வெள்ளை ஸ்பிரே. நண்பகல் வெயில் எங்கெங்கே விழுமோ அங்கெல்லாம் வெள்ளை விழுகிறது. தாடைக்கு அடியும் அக்குளும் கறுப்பாகவே நிற்கின்றன. சூரியனையே உறையவைத்து பொம்மை மேல் பூசிவிட்ட மாதிரி. மேலே மெல்லிய நிறத்தை ஓட்டினால் நிழல் ஏற்கெனவே அடியில் காத்திருக்கும். அறை விளக்கு எந்தப் பக்கமிருந்து எரிந்தாலும் சிப்பாய் தன் சொந்த வெயிலில் நிற்பான்.

இதே ஊகத்தை ஏமாற்றித் தப்பிக்கிறவையும் உண்டு. கிண்டியில் புள்ளிமானைப் பார்த்திருப்பீர்கள். அதன் முதுகு இருண்டது, வயிறு வெளுத்தது. வெயில் முதுகை வெளுக்கவைக்கும், வயிற்றில் நிழல் விழவைக்கும். மானின் நிறமோ நேர் எதிர்த்திசையில் ஓடி அந்த நிழலைச் சமன் செய்துவிடுகிறது. உருண்ட மான் தட்டையாகத் தெரிகிறது, புலியின் கண்ணுக்குச் சிக்காமல் நழுவுகிறது. இதை 1896-இல் விளக்கியவர் விலங்கியலார் அல்ல, ஓவியர். அமெரிக்கரான அபட் தேயர். ஓவியர் கேன்வாஸில் உருளையைக் கொண்டுவர என்ன செய்கிறாரோ, அதைத் தலைகீழாகச் செய்து விலங்கு மறைகிறது என்பது அவருக்குத் தொழில் வழியாகவே பட்டிருக்கிறது. பாவம், பிறகு அந்த யோசனை மேல் மோகம் முற்றி, பூநாரையின் இளஞ்சிவப்பும் அந்தி வானத்தில் ஒளிந்துகொள்ளத்தான் என்று சாதித்து, முன்னாள் அமெரிக்க அதிபர் தியடோர் ரூஸ்வெல்ட்டிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். மானைப் பொறுத்தவரை அவர் சொன்னது சரிதான். மங்கலாக நின்ற என் சிப்பாய்களின் குறையும் அதுதான்: இருக்கிற கொஞ்சநஞ்ச நிழலையும் சமமான நிறத்தால் நானே அழித்திருந்தேன். அறியாமல் மானுக்கு அடிக்க வேண்டிய பெயின்ட்டை அடித்திருக்கிறேன்.

நிழலுக்குக் கறுப்பைக் கலந்தால் மட்டும் போதாது, நிறம் செத்துப்போகும். வெளியில் விழும் நிழல் கறுப்பல்ல. சூரியனை மறைத்த இடத்திலும் நீல வானம் ஒளி தந்துகொண்டுதான் இருக்கும். பக்கத்தில் இருக்கும் நிறமும் ஒரு நிறத்தை மாற்றிக் காட்டும். பாரிஸில் கோபலின் நெசவுச்சாலையின் சாயப் பிரிவுக்குத் தலைவராக இருந்த வேதியியலார் ஷெவ்ரல், கறுப்பு நூல் சோகையாக இருக்கிறது என்ற புகாரை ஆராயப்போய், சாயத்தில் குறையே இல்லை, பக்கத்தில் நெய்த நிறம்தான் கறுப்பைக் கெடுக்கிறது என்று கண்டுபிடித்தார். 1839-இல் அதைப் பெரிய புத்தகமாகவே எழுதினார். சிவப்பு அங்கியின் நிழலில் துளி பச்சை கலந்து பாருங்கள். சிவப்புப் புட்டியைத் தொடாமலே சிவப்பு கூடியிருக்கும்.

எல்லாவற்றையும்விட என்னை வாய்பிளக்கவைத்தது உலோகம். போட்டிகளில் ஜெயிக்கும் பொம்மைகளின் வாள்களில் பல, மினுக்கும் பெயின்ட் ஒரு சொட்டும் படாதவை. வெறும் சாம்பல், வெள்ளை, கொஞ்சம் நீலம், எல்லாமே மினுக்கமற்ற சுண்ணாம்புத் தன்மை உடையவை. இருந்தும் எஃகு ஜொலிக்கிறது. தேய்த்த உலோகத்துக்கென்று சொந்த நிறம் அதிகமில்லை, சுற்றுப்புறத்தைத்தான் காட்டும். மேலே வானம், கீழே இருண்ட தரை, நடுவில் அறுத்தாற்போல ஓர் அடிவானம். வெளுப்பும் கறுப்பும் சட்டென்று முட்டிக்கொள்ளும் அந்த இடத்தைக் கண்டதும் மூளை உலோகம் என்று முடிவு கட்டிவிடுகிறது. ஒரு எவர்சில்வர் கரண்டியை ஜன்னலோரம் வைத்து ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தால் பத்துப் பாடத்துக்குச் சமம். நான் பல நாள் கரண்டியோடு உட்கார்ந்திருக்கிறேன். வீட்டில் என்ன நினைத்தார்களோ, கேட்கவில்லை.

கடைசியில் கண். பொம்மையின் கண் அரை மில்லிமீட்டர் அகலம் இருக்கலாம். அறுபது சென்டிமீட்டர் தூரத்தில், நல்ல பார்வை பிரித்தறியும் மிகச்சிறிய இடைவெளி சுமார் 0.17 மில்லிமீட்டர். அதாவது கருவிழி என்று ஒன்றை நீங்கள் தனியே வரைந்தாலும் அது காண முடிவதன் விளிம்பில்தான் நிற்கிறது. வெள்ளையடித்து நடுவில் கறுப்புப் புள்ளி வைத்தால், சுற்றிலும் வெள்ளை தெரிந்து, சிப்பாய் பேயைக் கண்டவன் போல விழிப்பான். நிஜ முகத்தில் இமைகள் கருவிழியின் மேலும் கீழும் கொஞ்சம் மறைத்திருக்கின்றன. ஆகவே வரிசையை மாற்ற வேண்டும். முதலில் கண் இருக்கும் பிளவு முழுக்க இருண்ட பழுப்பு. நடுவை விட்டுவிட்டு இடப்பக்கம் ஒரு வெளிர்ப்புள்ளி, வலப்பக்கம் ஒரு வெளிர்ப்புள்ளி. தப்பிப் போனதைத் தோல் நிறத்தால் மேலும் கீழும் திருத்தி மூட வேண்டும். 2-ஆம் எண் பிரஷ், தொப்பை நிறையத் தண்ணீர், நுனியில் மட்டும் பெயின்ட். மூச்சை முழுக்க விட்டுவிட்டு, அடுத்த மூச்சு வருவதற்குள் வைக்கிறேன். கிட்டத்தில் பார்த்தால் அழுக்கான இரண்டு பொட்டுகள். கையை நீட்டித் தள்ளிப் பிடித்தால் பொட்டுகள் மறைந்துவிடும். சிப்பாய் எனக்குப் பின்னால் ஜன்னலில் எதையோ பார்த்துக்கொண்டிருப்பான்.